காட்டு வேலைக்குப் புதிதாகப் போகிறீர்களா? ரம்பம் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

காட்டு வேலைக்குப் போவது என்று முடிவெடுத்ததும் நான் முதலில் செய்தது ஒரு செயின்சா, அதாவது இன்ஜினில் ஓடும் சங்கிலி ரம்பம், வாங்கியதுதான். கையில் இருந்த சேமிப்பில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிட்டது. பயிற்சிக்குக் கட்டப் பணம் இல்லை, பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அந்த ரம்பத்தைத் தொட எந்த வேலைத்தளத்திலும் விடவில்லை. ஏழு மாதம் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வாங்கிய பொருளில் குறை ஒன்றும் இல்லை, வாங்கிய வரிசைதான் தப்பு. எதை முதலில் செய்வது, எதற்கு முதலில் செலவழிப்பது, எந்த மாதத்தில் போய்க் கேட்பது என்று சொல்லித்தர யாராவது இருந்திருந்தால் ஒரு முழுப் பருவத்தை இழந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாற்று நடுவது, புதர் வெட்டுவது, நெருக்கமாக வளர்ந்த மரங்களைக் கலைத்து விடுவது, மரம் வீழ்த்திக் கிளை கழிப்பது போல உடலால் செய்யும் கூலி வேலைகளைத்தான் இங்கே காட்டு வேலை என்கிறேன். வனத்துறையில் காவலராகச் சேருவது தேர்வு, ஓட்டம், உயர அளவு என்று தனிப் பாதை. அது இதில் வராது.

1. எந்த வேலையில் நுழையப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருகிற எல்லோருக்கும் மரம் வீழ்த்துவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் உள்ளே வருகிற வாசல் நடவும் புதர் வெட்டும்தான். நடவுக்குச் சான்றிதழ் பெரும்பாலும் கேட்பதில்லை, கருவிகளும் குறைவு. ஒரு பருவம் நட்டு முடித்தவரை மேஸ்திரிகள் நம்புகிறார்கள், ஏனென்றால் மழையிலும் சரிவிலும் மூன்று மாதம் ஓடாமல் நின்றவர் என்று அதற்கு அர்த்தம். நாற்றங்கால் வேலை இன்னும் எளிதான வாசல். உடல் பழக்கம் இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்கினால் தப்பே இல்லை, நாற்றைப் பற்றி அங்கே தெரிந்துகொள்வது பின்னால் நடவில் நிறைய உதவும். மரம் அறுத்து அடுக்கும் பெரிய இயந்திரங்களை ஓட்டுவது தனித் தொழில். அதற்குப் பயிற்சி நீளம், செலவும் அதிகம், முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

2. உடம்பைக் காட்டுக்கு முன்னால் சோதியுங்கள்

ஜிம்மில் எடை தூக்குவது வேறு, நாற்றுப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிவது வேறு. வேலைக்கு ஆறு வாரம் முன்பாவது தொடங்குங்கள்: முதுகில் பத்துப் பதினைந்து கிலோ பையோடு மேடு பள்ளமான இடத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது நடங்கள். பூட்ஸைப் புதிதாக முதல் நாள் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இந்த ஆறு வாரத்தில் அதையும் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

முதுகு, முழங்கால், காது கேட்கும் திறன், வலிப்பு, சர்க்கரை, குளவி கொட்டினால் வரும் ஒவ்வாமை. இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குறிப்பாகக் குளவி ஒவ்வாமையை உங்களோடு வேலை செய்கிறவர்களிடமும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் இடத்தில் அதை மறைப்பது உயிரோடு விளையாடுவது.

3. ஆவணங்களைத் தேதி பார்த்து எடுங்கள்

நான் அதிகம் அல்லாடியது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பொதுவாகக் கேட்பவை இவை: அடையாள ஆவணம், உடல் தகுதிச் சான்றிதழ், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட பதிவு, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ், ரம்பம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கான சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டும், அந்த வேலைக்கே உரிய அனுமதியும். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் எதற்கு என்று தோன்றும். வேலை நடக்கும் இடத்துக்குப் பஸ் போகாது. ஒரு குழுவில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும், ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர் ஓட்டவேண்டும் இல்லையா. என் அனுபவத்தில் உரிமம் இருப்பவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது.

அடுத்தது தேதி. நான் ஆர்வத்தில் உடல் தகுதிச் சான்றிதழை முதலிலேயே எடுத்துவிட்டேன். அது ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை, பயிற்சி தொடங்கும் நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி பணம், மறுபடி அலைச்சல், பயிற்சியும் அடுத்த பிரிவுக்குத் தள்ளிப்போனது. நீங்கள் பின்னாலிருந்து எண்ணுங்கள்: வேலை தொடங்கும் நாளைத் தாளில் எழுதி, அதற்கு முன் பயிற்சி, அதற்கு முன் முதலுதவி, அதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் என்று கீழிருந்து மேலே போங்கள். நாள் அதிகம் எடுக்கிற பாஸ்போர்ட்டையும் உரிமத்தையும் முதலில் முடியுங்கள். சீக்கிரம் காலாவதியாகிற மருத்துவச் சான்றிதழை ஆவணங்களில் கடைசியாக, பயிற்சிகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எடுங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சம்பளம் வங்கியில் நிற்கும், விபத்துக் காப்பீடு கேட்கும்போது இன்னும் மோசமாக நிற்கும்.

4. பருவத்தைப் பார்த்து வேலை கேளுங்கள்

காட்டு வேலைக்கு நாட்காட்டி உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும். குளிர் நாடுகளில் வேரில் மண் இல்லாமல் எடுத்துவரும் நாற்றுகளை, மரம் உறக்கத்தில் இருக்கும் காலத்தில்தான் நடுவார்கள், அதாவது இலையுதிர் காலக் கடைசியிலிருந்து வசந்தத்தின் தொடக்கம் வரை. மண் உறைந்து கிடக்கும் இடங்களில் பனி உருகிய பிறகுதான் எதுவும் நடக்கும். மழையை நம்பும் பகுதிகளில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடவு. களையும் புதரும் வெட்டுவது செடிகள் வேகமாக வளரும் மாதங்களில். மரம் வீழ்த்துவதைப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் பல இடங்களில் நிறுத்திவைப்பார்கள், காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் ரம்பத்தை ஓட்டவே விடமாட்டார்கள்.

நான் போய்க் கேட்டது நடவு தொடங்கி இரண்டு வாரம் கழித்து. குழுக்கள் நிரம்பிவிட்டன, தங்கும் இடமும் வண்டியில் இருக்கையும் எண்ணி வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பேசிவையுங்கள். பருவம் தொடங்கிய பிறகு போக நேர்ந்தால் ஒரே ஒரு வழி இருக்கிறது. முதல் வாரத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் சிலர் எப்போதும் கிளம்பிவிடுவார்கள், அதனால் பத்தாவது நாள் வாக்கில் மேஸ்திரியிடம் நேராகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

5. பயிற்சியைப் படிப்படியாக எடுங்கள்

முதலுதவியை முதலில் எடுங்கள். அதிலும் காட்டு வேலைக்கு ஏற்றது வேண்டும்: பெரிய ரத்தப்போக்கை நிறுத்துவது, நசுங்கிய காயம், குளிரில் உடல் விறைப்பது, ஆள் இல்லாத இடத்திலிருந்து உதவி கூப்பிடுவது இவையெல்லாம் இருக்கிற வகுப்பு. அலுவலகத்துக்காக நடத்தும் அரைநாள் வகுப்பில் இதெல்லாம் வராது.

அப்புறம் ரம்பப் பயிற்சி. ஐரோப்பியச் செயின்சா சான்றிதழ் முறையை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு நிலைகள். முதலாவது ரம்பப் பராமரிப்பும் கீழே கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவதும், இரண்டாவது சிறிய மரங்களை வீழ்த்துவது, மூன்றாவது பெரிய மரங்களும் சிக்கலான வெட்டுகளும், நான்காவது காற்றில் சாய்ந்து முறிந்த மரங்கள். மற்ற நாடுகளில் பெயர்கள் வேறாக இருக்கலாம், ஆனால் எங்கே போனாலும் நல்ல பயிற்சி என்றால் தரையில் கிடப்பதில் ஆரம்பித்து நிற்பதற்கு ஏறும். முதல் நாளே நிற்கும் மரத்தை வெட்ட விடுகிற இடத்தில் சேராதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், தேர்வு தனிக் கட்டணமா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு, ரம்பமும் உடையும் அவர்களே தருவார்களா, சான்றிதழ் நீங்கள் போகப்போகும் இடத்தில் செல்லுமா என்பதையெல்லாம் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தேர்வுக் கட்டணம் தனி என்பது கடைசி நாள்தான் தெரிந்தது.

6. உடைக்குச் செலவழியுங்கள், ரம்பத்துக்கு அப்புறம் பார்க்கலாம்

சொந்த ரம்பம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிடலாம், பல இடங்களில் குழுவே கொடுக்கும். உடை அப்படியில்லை, உங்கள் அளவுக்குப் பொருந்தினால்தான் அது காப்பாற்றும்.

செயின்சா கால்சட்டை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிழிந்த ஒன்றை விரித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வெளித்துணிக்குக் கீழே பஞ்சு மாதிரி நீள நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சங்கிலி துணியைத் தொட்டதும் அந்த இழைகள் கொத்தாக இழுபட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை அப்படியே நிறுத்திவிடுகின்றன. எல்லாம் ஒரு நொடிக்குள். அதனால் ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடக்கூடாது. தையல் ஊசி அந்த இழைகளைக் கட்டிப்போட்டுவிடும், அடுத்த முறை அவை இழுபடாது.

வாங்கும்போது இஎன் ஐஎஸ்ஓ 11393 என்ற பாதுகாப்புத் தரக் குறியீட்டைத் தேடுங்கள். வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியில் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28 மீட்டர். ஏ டைப்பில் பாதுகாப்பு பெரும்பாலும் காலின் முன்பக்கம் மட்டும், சி டைப்பில் காலைச் சுற்றிலும் இருக்கும். நான் முதலில் வாங்கியது புதர் வெட்டுகிறவர்கள் போடும் கால்சட்டை. பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது, விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பயிற்சியாளர் உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இழை அடுக்கே இல்லை என்று சொல்லி என்னைக் களத்துக்குள் விடவில்லை. அன்று அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஹெல்மெட்டில் முகவலையும் காது மூடியும் சேர்ந்தே வரும். ஹெல்மெட்டின் உள்பக்கம் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். வெயில் பட்டுப்பட்டு பிளாஸ்டிக் வலுவிழப்பதால் அதற்கு ஆயுள் உண்டு, எனவே பழையதை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அந்தத் தேதியைப் பாருங்கள். காது மூடியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டாலே காது பழுதாகும். பூட்ஸும் செயின்சாவுக்கென்று செய்ததாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் இல்லை என்றால் நடவுக் காலத்தில் பூட்ஸ், கையுறை, மழைச்சட்டை மட்டும் போதும். கால்சட்டையும் ஹெல்மெட்டும் நடவுச் சம்பளத்தில் வாங்குங்கள். நான் இன்று தொடங்கினால் இப்படித்தான் செய்வேன்.

7. சம்பளம் பேசும்போது இதையெல்லாம் கேளுங்கள்

காட்டு வேலையில் நாள் கூலியும் உண்டு, எண்ணிக்கைக் கூலியும் உண்டு. ஒரு நாற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகையைக் கேட்டு மனசுக்குள் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பழக்கப்பட்டவர் ஒரு நாளில் நடும் எண்ணிக்கையை வைத்து உங்களிடம் கணக்குச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் அதில் பாதிகூட உங்களால் வராது. அந்த வாரங்களுக்குக் குறைந்தபட்ச நாள் கூலி உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். சரியாக நடாததை மறுபடி நடும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது பெரும்பாலும் பேச்சிலேயே வராது, வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

வண்டியில் போகும் நேரத்துக்குக் கூலி உண்டா, தங்குமிடம், வண்டி, கருவி என்று எதை எதைப் பிடிப்பார்கள், மழை நாளில் வேலை நின்றால் என்ன என்பதையும் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், விபத்துக் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்பது. சில ஒப்பந்தக்காரர்கள் உங்களைத் தொழிலாளியாகக் கணக்கில் வைக்காமல் சொந்தத் தொழில் செய்கிறவர் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கிவிட்டால் கை முறிந்தாலும் செலவு உங்களுடையது. எனக்கும் அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டது, வண்டி கிளம்பப்போகிறது சீக்கிரம் போடு என்றார்கள். உடன் இருந்த அக்கா ஒருவர், படிக்காமல் போடாதே தம்பி என்று தடுத்ததால் தப்பித்தேன்.

வேலை வாங்கித் தருவதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 181, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் முன்பணம் கேட்டாலே நின்று யோசியுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

8. முதல் வாரங்கள்: நடவைச் சரியாகப் பழகுங்கள்

இடைவெளிதான் முதல் பாடம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் 2500 நாற்று, 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 1111. உங்கள் காலடியில் எத்தனை அடி வைத்தால் 2 மீட்டர் என்று முதல் நாளே அளந்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் அது மாறும், அங்கே தனியாக அளங்கள்.

குழி நாற்றின் வேர் நேராகத் தொங்கும் ஆழத்துக்கு இருக்கவேண்டும். அவசரத்தில் திணித்தால் வேர் தூண்டில் முள் மாதிரி மேலே வளைந்துவிடும். இப்போது பச்சையாக நிற்கும், ஆனால் வளர வளரத் தடுமாறி ஒரு நாள் காற்றில் சாய்ந்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும், குதிகாலால் மண்ணை இறுக்குங்கள். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் நாற்று வரக்கூடாது. பையைத் திறந்துபோட்டு வெயிலில் வைக்காதீர்கள், மெல்லிய வேர்கள் சில நிமிடங்களிலேயே காய்ந்துபோகும்.

தரம் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் போய்விடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சோதிப்பவர் ஒரு கம்பை நட்டு அதில் 3.99 மீட்டர் கயிறு கட்டி வட்டமாகச் சுற்றுவார். அந்த வட்டம் 50 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் இருநூறில் ஒரு பங்கு. உள்ளே எத்தனை நாற்று, அதில் எத்தனை சரியாக நட்டது என்று எண்ணி மொத்த நிலத்துக்கும் கணக்குப் போடுவார்கள். நீங்களும் ஒரு கயிற்றை அந்த அளவுக்கு வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் உங்கள் வரிசையையே சோதித்துப் பாருங்கள். 2 மீட்டர் இடைவெளி என்றால் வட்டத்துக்குள் பன்னிரண்டு பதின்மூன்று இருக்கவேண்டும். நான் இரண்டாவது வாரத்தில் இதைச் செய்ய ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் ஒரு முழு நாள் நட்டதைப் பிடுங்கி மறுபடி நட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு மாலையும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், அக்குள், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு. இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுங்கள், எண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் வேண்டாம்.

9. ரம்பம் கைக்கு வந்த பிறகு

பயிற்சியில் சொல்வதை நான் இங்கே திரும்ப எழுதினால் அதைப் படித்துவிட்டு யாராவது மரத்தடிக்குப் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் புதியவர்கள் தவறுகிற சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வீழ்த்தும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது. வெட்டத் தொடங்குமுன் விலகும் வழியைச் சுத்தம் செய்யுங்கள், அது மரம் விழும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்வாகப் போகவேண்டும். நேர் பின்னால் நிற்காதீர்கள், அடிமரம் பின்னால் எகிறும். வெட்டாமல் விடும் கீல் பகுதி மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும், 30 சென்டிமீட்டர் மரம் என்றால் 3 சென்டிமீட்டர். அதையும் அறுத்துவிட்டால் மரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

பக்கத்து மரத்தில் சிக்கி நிற்கும் மரத்தின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள், அதைத் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது. மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் திறமை இல்லை என்று நினைப்பார்களோ என்று தயங்கவேண்டாம், அனுபவம் உள்ள ஒருவர்கூட அப்படி நினைத்து நான் பார்த்ததில்லை.

ரம்பத் தகட்டின் நுனியில் மேல் பாதி எதிலாவது இடித்தால் ரம்பம் அப்படியே முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கும். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி இருக்கட்டும். ரத்தம் நிறுத்தும் கட்டுத்துணி வண்டியில் இருந்தால் பயனில்லை, அது உங்கள் இடுப்புப் பையில் இருக்கவேண்டும், ஒரு விசிலும் கூட. காலையில் வேலை தொடங்குமுன் இடத்தின் வரைபடக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுக்கச் சொல்லுங்கள், எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாமல் போனில் திணறுவது நிஜமாகவே நடக்கிறது.

வேலை முடிந்து கைவிரல்கள் வெளுத்து மரத்துப்போனால் அதைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். அதிர்வினால் வரும் பாதிப்பு அது, முற்றினால் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும், 5 தாண்டவே கூடாது என்று 2002இல் விதி வைத்தார்கள். ரம்பத்தையும் கிளை அடுக்குவதையும் மாற்றி மாற்றிச் செய்தால் கைக்கு ஓய்வு கிடைக்கும்.

10. சொந்த ரம்பம் எப்போது

ஒரு முழுப் பருவம் குழுவின் ரம்பத்தில் வேலை செய்த பிறகு. அதற்குள் உங்களுக்கு எந்த எடை ஒத்துவரும், பக்கத்தில் எந்த நிறுவனத்தின் உதிரிபாகம் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். ரம்பத்தின் விலையோடு மாற்றுச் சங்கிலிகள், அரம், ஆப்புகள், எரிபொருள் கேன் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எண்ணெய்க் கலவை பெரும்பாலான புதிய ரம்பங்களுக்கு 50க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. உங்களுடையதன் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

அரம் பிடிக்கப் பழகுவதை மட்டும் சொந்த ரம்பம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) உள்ள சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளவேண்டும், தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடவேண்டும். சரியாகத் தீட்டியிருக்கிறதா என்று தெரிய, வெட்டும்போது கீழே விழுவதைப் பாருங்கள். தடிமனான சீவலாக விழுந்தால் கூர்மை இருக்கிறது. மாவு மாதிரி நைசான தூள் விழுந்து, ரம்பத்தை நீங்கள் அழுத்தவேண்டி வந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கட்டையில் உட்கார்ந்து மறுபடி தீட்டுங்கள்.